சிங்கப்பூர் மழைக்கு ஒரு கூடு: முச்சக்கர மிதிவண்டியை மூடுவண்டியாக்கும் முழு வழிகாட்டி

கூடு மூடிய முச்சக்கர மிதிவண்டி குளிர்நாட்டுப் பிள்ளை. 1930களில் பிரான்ஸில் சார்ல் மோஷே விற்ற, நான்கு சக்கரமுள்ள வெலோகார் என்ற மிதிவண்டி, 1980களில் டென்மார்க்கில் கார்ல் கியோர்க் ராஸ்முசன் உருவாக்கிய லைட்ரா என்ற முச்சக்கர மூடுவண்டி எல்லாம் குளிர்நாடுகளில் பிறந்தவை. அந்த வடிவத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் புட்டுக்குழாயில் வேகும் புட்டு மாதிரி ஆகிவிடுவார்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2113 மி.மீ. மழை, 171 மழை நாள். கூடவே ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதம். மழையில் நனையாமல் போய் வேர்வையில் நனைந்து இறங்கினால் கூடு கட்டியதில் என்ன லாபம்? அதனால் இந்த வழிகாட்டியில் காற்றுக்குத்தான் முதல் இடம், மழைத்தடுப்பு அதற்கு அடுத்தது. முழுக்க அடைத்த முட்டை வடிவம் வேண்டாம். மூக்கு, முன்கண்ணாடி, கூரை, சுருட்டி விடும் பக்கத்திரை, திறந்த முதுகு. இதுதான் நாம் கட்டப்போவது.

வெட்டுவதற்கு முன்பு: சட்டம், பாதை, நிறுத்துமிடம்

மோட்டார் ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். மின்சார உதவியுள்ள சைக்கிள் இங்கே ஈஎன் 15194 என்ற ஐரோப்பியத் தரத்துக்கு உட்பட்டு, 20 கிலோவுக்குள் இருந்து, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் மோட்டார் தானாக நிற்க வேண்டும். ஒப்புதல் முத்திரையும் பதிவும் வேண்டும். கூடு கட்டிய முச்சக்கர வண்டி 20 கிலோவுக்குள் அடங்காது. வீட்டில் மோட்டார் மாட்டுவது சட்டவிரோத மாற்றமாகிவிடும். காலால் மிதிப்பது மட்டுமே.

வரைபடம் போட்டதும் அதை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்பி, உங்கள் வண்டி எந்தப் பிரிவில் வரும், எந்தப் பாதையில் ஓட்டலாம் என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். இயந்திரம் பொருத்திய நடமாட்டச் சாதனங்களுக்கு 70 செ.மீ. அகலம் உச்சவரம்பு. மிதிவண்டி என்றாலும் அந்த 70 செ.மீ.யையே இலக்காக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம், ஏனென்றால் பூங்கா இணைப்புப் பாதைகளில் எதிரெதிரே இரண்டு வண்டி கடக்கும்போது அகலமான வண்டிக்கு இடம் நெருக்கமாகிவிடும். வேக வரம்பு நடைபாதையில் மணிக்கு 10 கி.மீ., சைக்கிளோட்டப் பாதையில் 25 கி.மீ. கைப்பிரேக் கட்டாயம். இருட்டில் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும். சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம்.

பலரும் மறப்பது நிறுத்துமிடத்தை. கூடு மாட்டினால் வண்டி 2 மீட்டர் நீளத்தைத் தொடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி, எனவே வாசலில் நிறுத்தும் எண்ணம் பெரும்பாலும் எடுபடாது. மின்தூக்கியின் வாசல் அகலத்தையும் உள் ஆழத்தையும் அளவு நாடாவால் அளந்து எழுதிவையுங்கள். பிறகு வேலைக்குப் போகும் பாதையை ஒருமுறை நடந்தோ சாதாரண சைக்கிளிலோ போய்ப் பாருங்கள். தடுப்புக் கம்பங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, நடைமேம்பாலச் சரிவின் திருப்பம், கால்வாய் ஓரம். எந்த இடைவெளி மிகச் சிறியதோ அதைவிட 10 செ.மீ. குறைவுதான் உங்கள் வண்டியின் அதிகபட்ச அகலம்.

அடிவண்டி

காப்பிக்கடை வாசலில் தாத்தாமார்கள் நிறுத்தியிருக்கும் நிமிர்ந்த முச்சக்கர சைக்கிளுக்குப் பின்னால் இரண்டு சக்கரம். மலிவு, ஏறி இறங்க எளிது, ஆனால் கூடு கட்ட லாயக்கில்லை. உட்காருமிடம் உயரம், கூரை அதற்கும் மேலே, திருப்பத்தில் கவிழும். நமக்கு வேண்டியது முன்னால் இரண்டு சக்கரமும் பின்னால் ஒன்றும் உள்ள, சாய்ந்து உட்காரும் டேட்போல் வகை. வெல்டிங் வசதி இல்லாதவர்கள் வண்டிச் சட்டத்தைச் செய்யப் போகாமல் பழைய வண்டி ஒன்றை வாங்குவதே மேல். வீவக வீட்டில் வெல்டிங் செய்ய முடியாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: முன்சக்கரம் 20 அங்குலம், பின்சக்கரம் 20 அல்லது 26 அங்குலம், இருக்கை தரையிலிருந்து 25 முதல் 30 செ.மீ. உயரம், வண்டி எடை 18 கிலோவுக்குள். டிரம் பிரேக் இருந்தால் மழைக்கு அதைவிட நல்லது இல்லை. உள்ளே தண்ணீர் போகாது, பட்டை சீக்கிரம் தேயாது. டிஸ்க் பிரேக்கும் பரவாயில்லை. விளிம்பைப் பிடிக்கும் ரப்பர் பிரேக் நனைந்தால் பிடிக்கத் தாமதமாகும், தவிர்த்துவிடுங்கள்.

அகலத்துக்கும் உயரத்துக்கும் ஏன் இவ்வளவு கவலை என்பதற்கு ஒரு கணக்கு. டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 66 செ.மீ., எடையில் மூன்றில் இரண்டு பங்கு முன்சக்கரங்களில், ஆளும் வண்டியும் சேர்ந்த எடைமையம் 45 செ.மீ. உயரத்தில் என்று வையுங்கள். 5 மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தில் இந்த வண்டி மணிக்குச் சுமார் 18 கி.மீ. வேகத்தில் உள்பக்கச் சக்கரத்தைத் தூக்கும். எடைமையம் 60 செ.மீ.க்கு ஏறினால் 15 கி.மீ. வேகத்திலேயே தூக்கும். கூரையில் ஏற்றும் ஒவ்வொரு கிராமும் இந்தக் கணக்கைக் கெடுக்கும் என்பதால் கனமான பொருள் எல்லாம், பவர் பேங்க், பூட்டு, மதியச் சாப்பாட்டு டப்பா உட்பட, இருக்கைக்குக் கீழேயோ பக்கத்திலேயோ போக வேண்டும்.

கூடு கட்டுவதற்கு முன்பே சக்கர நேர்ப்படுத்தலை முடித்துவிடுங்கள், பிறகு கை நுழையாது. இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, அச்சின் உயரத்தில், இரண்டு முன்சக்கர விளிம்புகளுக்கும் இடையே முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் அளவெடுங்கள். முன்பக்க அளவு பின்பக்கத்தைவிட 0 முதல் 2 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். ஆள் உட்காராமல் அளந்தால் அளவு பொய் சொல்லும்: எடை ஏறியதும் முன்சக்கரங்களை இணைக்கும் குறுக்குச்சட்டம் சற்று வளைந்து சக்கரங்கள் திரும்பிவிடும். இதைச் சரிபார்க்காத வண்டியில் சில நூறு கிலோமீட்டரிலேயே டயர் ரம்பம் போட்டதுபோல் தேய்ந்திருக்கும்.

மட்கார்டு முதலில், கூடு பிறகு

இந்த வண்டியில் மழை மேலிருந்து வருவதைவிடக் கீழிருந்துதான் அதிகம் வரும். முன்சக்கரங்கள் இரண்டும் உங்கள் முழங்கைக்குப் பக்கத்திலேயே சுழல்கின்றன, பாதையிலுள்ள அழுக்குத் தண்ணீரை அள்ளி நேரே சட்டைக்கையில் அடிக்கும். எனவே மூன்று சக்கரத்துக்கும் முழுநீள மட்கார்டு மாட்டி, பின்விளிம்பில் ரப்பர் மடல் தொங்கவிடுங்கள். மடல் தரையிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் நிற்கட்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, மட்கார்டு எதிலும் உரசாமல் 2.5 செ.மீ. இடைவெளி இருப்பதை உறுதிசெய்யுங்கள். தூறலில் மட்டும் போகிறவர்களுக்கு மட்கார்டும் ஒரு மழைச்சட்டையுமே போதும். அவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விலா எலும்புகள்

கூட்டைத் தாங்க மூன்று வளைவுகள் வேண்டும்: பெடலுக்கு முன்னால் ஒன்று, கண்ணாடி நிற்கும் இடத்தில் ஒன்று, தலைக்குப் பின்னால் ஒன்று. இவற்றை இணைக்க இரு பக்கமும் நீளவாக்கில் இரண்டு குழாய். 16 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. தடிப்பும் உள்ள அலுமினியக் குழாய் மொத்தம் 8 மீட்டர் பிடிக்கும், எடை 1.5 கிலோ. மலிவு என்று மின்கம்பி ஓடும் பிவிசி குழாயை எடுக்காதீர்கள். மதிய வெயிலில் நின்றால் அது தொய்ந்துபோகும், கூரை தலையில் வந்து உட்காரும்.

வளைக்கும்போது குழாய்க்குள் காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரு முனையையும் அடைத்து, மெதுவாக வளையுங்கள். ஆரம் 10 செ.மீ.க்குக் குறைந்தால் குழாய் மடிந்துவிடும். கெட்டிப்படுத்திய கலவையாக இருந்தால் வெடிப்பு விழும், கடையில் வளைக்கத் தோதான மென்மையான ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

வண்டிச் சட்டத்தில் எங்கும் துளை போடக் கூடாது. ரப்பர் வைத்த குழாய்க் கிளாம்புகளால் பெடல் குழாயிலும் குறுக்குச்சட்டத்திலும் இருக்கை முதுகிலும் பிடியுங்கள். கிளாம்புக்கு அடியில் பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை ஒன்றைச் சுற்றினால் அதிர்வும் குறையும், இரும்பும் அலுமினியமும் உப்புக்காற்றில் ஒன்றையொன்று அரிப்பதும் குறையும்.

அட்டை மாதிரி

நேரே பலகையை வெட்டாதீர்கள். குளிர்சாதனப் பெட்டியோ துவைக்கும் இயந்திரமோ வந்த அட்டைப்பெட்டிகளை வாங்கி, வளைவுகளின் மேல் சாய்த்து, டேப் ஒட்டி முழு மூக்கையும் அட்டையில் கட்டுங்கள். வேலைக்குப் போகும் அதே காலணியோடு உட்கார்ந்து பெடலை நூறு சுற்றுச் சுற்றுங்கள். கால்விரல் நுனிக்கு 3 செ.மீ., முழங்காலுக்கு 4 செ.மீ. இடைவெளி வேண்டும். களைத்தால் குதிகால் கீழே இறங்கும், விரல் மேலே ஏறும். அட்டையில் உரசல் தடம் தெரியும் இடத்தை எல்லாம் வெளியே தள்ளி மறுபடியும் சுற்றுங்கள். இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குவது வீணல்ல.

மூக்கும் தளமும்

பொருள்: 4 மி.மீ. தடிப்புள்ள பாலிப்ரொபிலீன் நெளிபலகை. விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் இம்ப்ரா போர்டு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் தாள் ஏறக்குறைய 2 கிலோ. இரண்டு தாள் வாங்குங்கள், ஒன்றரைதான் செலவாகும், மீதி தவறுகளுக்கு. வெயில் தாங்கும் ரகமா என்று கேட்பது முக்கியம்; சாதாரண ரகம் இந்த ஊர் வெயிலில் ஓராண்டு வாக்கில் அப்பளமாக நொறுங்கும். நிறம் வெள்ளை. ஒளி ஊடுருவும் பலகை அழகுதான், ஆனால் வெயிலில் அது கண்ணாடிக்கூடம்.

பலகையைக் கூர்ந்து பாருங்கள். இரண்டு மெல்லிய தோல்களுக்கு நடுவே வரிசையாகச் சதுரக் குழல்கள் ஓடும். குழல்கள் ஓடும் திசையை அச்சாக வைத்து வளைத்தால் பலகை பாய்போல் சுருளும், அதற்குக் குறுக்கே வளைத்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே மூக்கு எந்தப் பக்கம் வளைய வேண்டுமோ அதற்கேற்பக் குழல்களின் திசையைப் பென்சிலால் குறித்த பிறகே வெட்டுங்கள். குழலுக்கு இணையாக மடிக்க வேண்டுமானால் ஒரே ஒரு குழலின் மேல்தோலை மட்டும் கத்தியால் கீறுங்கள். குறுக்கே மடிக்க வேண்டுமானால் கீறவே கூடாது. பீட்சா வெட்டும் சக்கரத்தின் மொண்ணை விளிம்பால் அழுத்தி உருட்டி நசுக்கிய பின் மடியுங்கள்.

பசை எதுவும் இதில் நிலையாக ஒட்டாது, அதில் நேரம் வீணாக்க வேண்டாம். 4 மி.மீ. அலுமினிய ரிவெட், இரு பக்கமும் 15 மி.மீ. வாஷர், 8 செ.மீ.க்கு ஒன்று. வாஷர் இல்லாமல் அடித்தால் ரிவெட்டின் தலை பலகையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். குழாயோடு கட்ட வெயில் தாங்கும் கறுப்புக் கேபிள் டை.

வெட்டிய விளிம்புகளின் மேல்வாயை டேப்பால் மூடுங்கள், கீழ்வாயைத் திறந்தே விடுங்கள். இரண்டையும் மூடினால் குழலுக்குள் புகுந்த நீர் வெளியேறாது. இரண்டையும் திறந்து வைத்தால் எறும்பு குடியேறும்.

தளத்துக்குச் சப்பையான பலகை போட்டு, தாழ்வான இடங்களில் 8 மி.மீ. துளை ஆறு இடுங்கள். இது ஒழுகல் பிரச்சினை மட்டுமல்ல. 20 காசு நாணயம் அளவு தேங்கிய நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும், முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம்தான். புளோக்கின் கீழே நிற்கும் வண்டியின் தளத்தில் தண்ணீர் தேங்கினால் தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

கண்ணாடி: ஊடாக அல்ல, மேலாகப் பார்ப்பது

முதன்முறை கட்டுபவர்கள் தப்பு செய்யும் இடம் இதுதான். காரைப் போல முகத்துக்கு நேரே கண்ணாடி வைப்பார்கள். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மழைத்துளி கண்ணாடியில் வழியாது, அப்படியே முத்து முத்தாக நிற்கும். இரவில் எதிரே வரும் விளக்கு ஒவ்வொரு முத்திலும் சிதறி, பாதை முழுக்க நட்சத்திரமாகிவிடும். துடைப்பான் மாட்டினால் பாலிகார்பனேட் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் கீறல் விழும்.

எனவே கண்ணாடியின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு 8 செ.மீ. கீழே நிற்க வேண்டும். பார்வை அந்த விளிம்புக்கு மேலே, திறந்த காற்று வழியாக. கண் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்திலும் கண்ணாடி விளிம்பு கண்ணுக்கு 60 செ.மீ. முன்னாலும் இருந்தால், கண்ணிலிருந்து ஐந்தரை மீட்டருக்கு அப்பால் உள்ள தரை முழுவதும் தடையின்றித் தெரியும். அதற்குக் கிட்டே உள்ளதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தத் திறந்த இடுக்கில் மழை நுழையாதா? கணக்குப் பார்ப்போம். கனமழையின் பெரிய துளி விநாடிக்குச் சுமார் 7 மீட்டர் வேகத்தில் விழுகிறது. நீங்கள் மணிக்கு 15 கி.மீ., அதாவது விநாடிக்கு 4.2 மீட்டர் போகிறீர்கள். 10 செ.மீ. இடுக்கைக் கடந்து விழுவதற்குள் துளி 6 செ.மீ.தான் உள்நோக்கி வரும். எதிர்க்காற்று மணிக்கு 30 கி.மீ. வீசினால் 18 செ.மீ. ஆகையால் கூரையின் முன்விளிம்பு கண்ணாடி விளிம்பைவிட 20 செ.மீ. முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கட்டும்.

கண்ணாடிக்கு 2 மி.மீ. பாலிகார்பனேட், 50க்கு 35 செ.மீ., எடை 400 கிராம் சொச்சம். அக்ரிலிக் மலிவு, ஆனால் கீழே விழுந்தால் கூரிய துண்டாக உடையும். துளையைப் போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாகப் போட்டு ரப்பர் வாஷரோடு மாட்டுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் விரிந்து துளையோரம் விரிசல் விடும். அம்மோனியா கலந்த கண்ணாடிச் சுத்திகரிப்பான், போல்ட் இறுக்கும் திரவப்பசை, பெட்ரோல் மூன்றும் இதற்கு எதிரிகள். சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதும்.

கூரையும் பக்கமும்

கூரைக்குப் பலகை வேண்டாம், துணி போதும். உட்பக்கம் வெள்ளிப்பூச்சுள்ள குடைத்துணியோ கூடாரத்துணியோ 2 மீட்டர் வாங்கினால் 300 கிராமுக்குள் வேலை முடியும். தைத்த தையல்களின் மேல் தையல் டேப் ஒட்டுங்கள். துணி டமடமவென்று அடித்தால் அது தளர்வு, நடுவில் இழுபட்டை ஒன்று சேர்த்தால் அடங்கும். கூரை பின்னோக்கிச் சரிய வேண்டும். முன்னோக்கிச் சரிந்தால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் சேர்ந்த தண்ணீர் மொத்தமாக முழங்காலில் கொட்டும்.

பக்கத்தை இடுப்புவரை பலகையாலும் அதற்கு மேல் தோள்வரை சுருட்டும் திரையாலும் மூடலாம். திரையை வெல்க்ரோவால் மட்டும் பிடியுங்கள். ஏன் ஜிப் கூடாது? ஏப்ரல் முதல் நவம்பர்வரை வீசும் சுமத்ரா புயற்காற்று மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் அடிக்கும், அதுவும் பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகல்வரை, அதாவது வேலைக்குப் போகும் நேரத்தில். பக்கப்பரப்பு 1 சதுர மீட்டர், ஆளோடு மொத்த எடை 95 கிலோ என்றால், 54 கி.மீ. காற்று சுமார் 15 கிலோ விசையோடு தள்ளும், வண்டி தாங்கிவிடும். 80 கி.மீ. காற்று 32 கிலோ விசையோடு தள்ளும், வண்டி கவிழும். திரையைச் சுருட்டிப் பரப்பை அரைவாசிக்கும் கீழே கொண்டுவந்தால் அதே காற்றில் நிற்கும். பலத்த காற்றில் வெல்க்ரோ தானாகப் பிய்த்துக்கொண்டு போவது குறையல்ல, அதுதான் பாதுகாப்பு.

காற்றோட்டம்

மிதிப்பவர் பெடலில் 100 வாட் கொடுத்தால் உடம்பு அதைப்போல் மூன்று மடங்கு வெப்பத்தை வெளியே தள்ளும். அதை வேர்வையால் மட்டும் ஆற்றினால் மணிக்கு ஏறக்குறைய அரை லிட்டர். ஏற்கனவே ஈரம் நிறைந்த காற்றில் இது காய வேண்டுமானால் காற்று நிறைய ஓட வேண்டும். மூக்கின் நுனியில், பெடலுக்குக் கீழே, 300 சதுர செ.மீ. வாய் வைத்து (30க்கு 10 செ.மீ. போதும்) அதற்கு நெளிபலகையில் கீழ்நோக்கிச் சாய்ந்த மூன்று பட்டைகளைப் பொருத்துங்கள், காற்று வரும், சிதறல் வராது. வெளியேறும் வழி இதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். நாம் முதுகையே திறந்து விட்டிருப்பதால் அது தீர்ந்தது. இருக்கை வலைத்துணியாக இருக்கட்டும், மெத்தை இருக்கை முதுகில் வேர்வைக்குளம் கட்டும்.

சிக்னலில் நின்றால் காற்று செத்துவிடும். அதற்கு 12 செ.மீ. கணினி விசிறி ஒன்றை, 5 வோல்ட் ரகம், மூக்குக்குள் முகத்தை நோக்கிச் சாய்த்து மாட்டி, யுஎஸ்பி பவர் பேங்கில் இணையுங்கள். 3 வாட்டுக்குள் ஓடும். சிம் லிம் டவர் கடைகளில் விசிறி, சுவிட்ச், நீர்புகா இணைப்பான் எல்லாம் கிடைக்கும். கம்பி ஒவ்வொன்றும் இணைப்பானுக்கு முன்னால் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும், கம்பி வழியே ஓடும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போகும்.

விளக்கு, கொடி, மணி

வண்டி தாழ்வு, லாரி ஓட்டுநர் கண்ணுக்கு எட்டாது. 1.5 மீட்டர் உயரத்தில் கொடி, இரு பக்கமும் பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி, பக்கப்பலகையில் பிரதிபலிப்பு டேப். பின்விளக்கு இரண்டு, ஒன்று கூரை உயரத்தில். உள்ளிருந்து கூப்பிட்டால் நடப்பவர்களுக்குக் கேட்காது, மணியைக் கூட்டுக்கு வெளியே மாட்டுங்கள்.

சோதனை

ஓட்டுவதற்கு முன் மூன்று சோதனை. ஒன்று, உட்கார்ந்திருக்கையில் ஒருவர் பூவாளியால் மேலிருந்தும் 45 பாகைச் சாய்விலும் ஐந்து நிமிடம் ஊற்றட்டும். நனையும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். பெரும்பாலும் கண்ணாடியின் அடிவிளிம்பில் வழிந்த நீர் முழந்தாளுக்கு வரும், அங்கே 2 செ.மீ. மடித்த விளிம்பு ஒன்று வைத்தால் பக்கவாட்டில் ஓடிவிடும். இரண்டு, கண்ணை மூடிக்கொண்டு திரையை விலக்கி வெளியேறுங்கள். ஐந்து விநாடிக்கு மேல் ஆனால் வழியை மாற்றுங்கள். மூன்று, ஆளில்லாத திடலில் ஈரத்தரையில் ஒரு பக்கப் பிரேக்கை மட்டும் பிடித்துப் பாருங்கள். வண்டி ஒரேயடியாக அந்தப் பக்கம் இழுத்தால் சக்கர நேர்ப்படுத்தலுக்கும் பிரேக் கம்பிக்கும் திரும்பிப் போக வேண்டும்.

இடி இடித்தால் ஓட்டம் நிற்க வேண்டும். கார் உலோகக்கூடு, நம்முடையது பிளாஸ்டிக், மின்னலுக்கு இது ஒரு தடுப்பே அல்ல. மைஎன்வி செயலியில் மழைப்படலம் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்துக் கிளம்புங்கள், வழியில் பிடித்துக்கொண்டால் பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளம் இருக்கிறது.

பராமரிப்பு

மழையில் போய் வந்த நாளே சங்கிலியைத் துடைத்து மழைக்கான எண்ணெய் இடுங்கள். வாரம் ஒருமுறை தளத்துளைகளைக் குச்சியால் குத்துங்கள், சருகு அடைத்திருக்கும். மாதம் ஒருமுறை கிளாம்புகளை இறுக்குங்கள். நெளிபலகையின் மூலை ஒன்றை மடித்துப் பாருங்கள்: வெள்ளைக்கோடு விழுந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, படக்கென்று ஒடிந்தால் அந்தப் பலகையை மாற்றும் காலம் வந்துவிட்டது. ரிவெட்டுகளை 4 மி.மீ. துளைக்கருவியால் துளைத்து எடுத்து, பழைய பலகையைப் புதியதன் மேல் படுக்கவைத்து, குழல் திசை மாறாமல் சுற்றி வரைந்து வெட்டினால் ஒரு மாலைக்குள் புது மூக்கு மாட்டிவிடலாம்.